சின்னக் காலிபர் ரைபிளும் மான் வேட்டையும்: வாங்குவதற்கு முன் சில கேள்விகள்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அதில் பேச்சுக்கே இடமில்லை. கீழே உள்ள கேள்விகள், உரிமம் வாங்கிப் பருவத்தில் வேட்டைக்குப் போக அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்கள் கேட்டவை. காலிபர் என்றால் குண்டின் விட்டம், .223, .308 எல்லாம் ஏறக்குறைய அங்குலக் கணக்கு.

கேள்வி: வீட்டில் .223 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்று இருக்கிறது. 15 வயது மகள் இந்தப் பருவத்தில் முதல்முறையாக மான் வேட்டைக்கு வருகிறாள். ".308-க்குக் கீழே எதுவும் மானுக்குச் சரிப்படாது" என்கிறார் கடைக்காரர். கூட வருபவர்களோ, சரியான இடத்தில் பட்டால் .223-யே தாராளம் என்கிறார்கள். புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், பாதிப் பேருக்கு விவாதம் அங்கேயே முடிந்துவிடும். டெக்சாஸில் சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் தட்டி வெடிக்கும் வகை) ரைபிள் என்றால் .223-ஐக் கொண்டே மான் சுடலாம். வர்ஜீனியாவில் முடியாது, குறைந்தது .23 காலிபர் வேண்டும். கொலராடோவில் .24 காலிபர், மானுக்கு 70 கிரெயின் எடையுள்ள குண்டு, 100 யார்டு தூரத்தில் 1,000 அடி-பவுண்டு சக்தி என்று மூன்றையும் சேர்த்தே கேட்கிறார்கள். இங்கிலாந்தில் முண்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய சின்ன வகைகளுக்கு மட்டும் .22 சென்டர்ஃபயருக்கு இடமுண்டு, மற்ற மான்களுக்கு .240-இலிருந்துதான் கணக்கு.

சட்டம் இடம் கொடுக்கிறது என்றால், கடைக்காரர் சொல்வது மிகை. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அந்த வட்டத்துக்குள் நல்ல குண்டு நுழைந்து இரண்டு நுரையீரலையும் கிழித்துவிட்டால் .223 பட்ட மானும் ஓடும் தூரம் கொஞ்சம்தான். சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதைக்குப் பயந்து டிரிகரை வெடுக்கென்று இழுப்பவர் கையில் .308 இருந்தாலும், குண்டு வயிற்றில் பட்டால் அந்த மான் மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். இளம் பிள்ளைகளுக்குச் சின்னக் காலிபர் என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இந்த உதைதான். மகளிடம் பயம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: பயிற்சி மைதானத்தில் மேகஸினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மித் தோட்டாவை அவளுக்குத் தெரியாமல் போட்டு வையுங்கள். அது வந்து வெறும் "க்ளிக்" சத்தம் கேட்கும்போது குழலின் முனை சடக்கென்று கீழே இறங்கினால், பயம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருக்கும்போது பெரிய காலிபர் வாங்கிக் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை, மானுக்கும் நல்லதில்லை.

ஆனால் புதிதாக வாங்கும் எண்ணமே இருந்தால் .243 வின்செஸ்டர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 1955-இல் வந்தது, .308-இன் தோட்டாக் கூட்டையே கழுத்தில் குறுக்கிச் செய்தது. இன்றைக்கும் தோட்டா பரவலாகக் கிடைக்கிறது. வழக்கமான 100 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட 1,950 அடி-பவுண்டு சக்தியோடு கிளம்புகிறது. 55 கிரெயின் .223 கிளம்புவது சுமார் 1,280-இல், 200 யார்டு போவதற்குள் அதில் பாதிதான் மிச்சம். அதே 200 யார்டில் .243-இடம் மிஞ்சியிருப்பது .223 குழல் வாயில் வைத்திருந்ததைவிடக் குறைவில்லை. உதையோ .308-ஐவிட நன்றாகவே குறைவு, பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். வாங்கும்போது தோளில் வைக்கும் கட்டையின் நீளத்தையும் பாருங்கள். பெரியவர்கள் அளவுக் கட்டையை வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டி ஸ்கோப்பைத் தேடுகிற பிள்ளை எந்தக் காலிபரிலும் ஒழுங்காகச் சுடாது.

கேள்வி: .223 தோட்டா ஒரே கடையில் மூன்று நான்கு விலையில் இருக்கிறது. பயிற்சிக்கு வாங்கிய மலிவுத் தோட்டா நிறைய மிச்சம் இருக்கிறது, அதையே வேட்டைக்கும் எடுத்துக்கொண்டு போனால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சின்னக் காலிபரைப் பற்றி வரும் கெட்ட பேரில் பெரும்பகுதி இங்கே உண்டாவதுதான்.

மலிவுப் பெட்டியில் பெரும்பாலும் எஃப்எம்ஜே என்று போட்டிருக்கும், அதாவது முழுக்கச் செம்பு உறை போட்ட குண்டு. மான் மேல் பட்டால் விரியாமல், ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம். ரத்தம் அதிகம் சிந்தாது, தடம் கிடைக்காது, மான் எங்கேயோ புதருக்குள் போய்க் கிடக்கும். பல இடங்களில் மானுக்கு இது சட்டப்படியே கூடாது. அடுத்து வார்மிண்ட் என்று எழுதிய வகை, இதில் ஆபத்து நேர் எதிரானது. சின்னப் பிராணிகளுக்காக, பட்டவுடன் சிதறும்படி செய்த குண்டு இது. மானின் தோளெலும்பில் பட்டால் அங்கேயே தூள்தூளாகிவிடும், வெளியே பயங்கரமான காயம் தெரியும், உள்ளே நுரையீரலுக்குப் போய்ச் சேராது. பெட்டியில் துல்லியம், வேகம் என்றெல்லாம் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்காதீர்கள்.

மானுக்கு ஏற்ற குண்டு விரியவும் வேண்டும், உடையாமல் ஆழமாகப் போகவும் வேண்டும். .223-இல் இதற்கென்றே வருபவை இருக்கின்றன: நடுவில் தடுப்புச் சுவர் உள்ள நோஸ்லர் பார்ட்டிஷன் 60 கிரெயின், ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி பிணைத்த ஃபெடரல் ஃப்யூஷன் 62 கிரெயின், முழுச் செம்பில் செய்த பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு பருவத்தில் மானை நோக்கி எத்தனை தோட்டா சுடப்போகிறீர்கள்? கலிஃபோர்னியா மாதிரி ஈயக் குண்டுக்கே தடை உள்ள இடமென்றால் (அங்கே 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் தடை) செம்புக் குண்டைத் தவிர வழியில்லை. இறைச்சியில் ஈயத் துணுக்கு கலக்கும் கவலை இல்லை என்பதால் மற்ற இடங்களிலும் எனக்குச் செம்புதான் பிடிக்கும்.

எதை வாங்கினாலும் ஒரே லாட் எண் (ஒரே தொகுதியில் தயாரானது) உள்ள இரண்டு மூன்று பெட்டியாக வாங்கி, அந்தத் தோட்டாவைக் கொண்டே ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். மலிவுத் தோட்டாவில் ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு வேட்டையன்று காலையில் வேறு பெட்டியைப் பிரித்தால் குண்டு வேறு இடத்தில் போய்ப் படும்.

கேள்வி: பழைய .223 ஒன்று விலைக்கு வருகிறது. பேரலில் "1:12" என்று இருப்பதாக விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: மானுக்காக என்றால் யோசியுங்கள். 1:12 என்றால் குழலுக்குள் திருகுபோல் ஓடும் உள்வரி 12 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. 55 கிரெயின் வரை இது பரவாயில்லை, அதற்கு மேல் கனமான, நீளமான குண்டுகள் போதிய சுழற்சி இல்லாமல் தள்ளாடும். இலக்குத் தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் போல நீளமாக விழுந்தால் இதுதான் காரணம். உண்மையில் எடையைவிட நீளம்தான் முக்கியம், அதனால் அதே எடையில் ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும் செம்புக் குண்டு இன்னும் வேகமான சுழற்சி கேட்கும். 1:9 அல்லது 1:8 உள்ளதைத் தேடுங்கள், நல்ல மான் குண்டுகள் அதில் ஓடும்.

பேரலில் எழுதியிருப்பது தேய்ந்து போயிருந்தால் நீங்களே அளந்துவிடலாம். தோட்டா இல்லை என்று இரண்டு தரம் உறுதி செய்துகொண்டு, சுழலும் கைப்பிடியுள்ள சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே விடுங்கள். கம்பியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வரும்வரை தள்ளுங்கள், எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ அதுதான் ட்விஸ்ட். இன்னொன்று, பேரலில் ".223 ரெமிங்டன்" என்று மட்டும் இருந்தால் 5.56 நேட்டோ (ராணுவ வகை) தோட்டாவை அதில் போடாதீர்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான், உள்ளே அழுத்தம் எல்லை மீறிப் போகலாம்.

கேள்வி: .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டா வைத்துத் தலையில் சுட்டால் மான் அப்படியே விழும் என்கிறார் நண்பர்.

பதில்: கேட்காதீர்கள். அது ரிம்ஃபயர் (தோட்டா அடியின் விளிம்பில் தட்டி வெடிக்கும் வகை), சக்தி 130 அடி-பவுண்டு சுமாருக்குத்தான். பெரும்பாலான இடங்களில் மானுக்குச் சட்டவிரோதம். மானின் மூளை சின்னது, தலையோ ஓயாமல் அசைவது. கொஞ்சம் தவறினால் தாடை உடைந்த மான் தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும்.

கேள்வி: .223-ஐ எவ்வளவு தூரம் வரை நம்பலாம்?

பதில்: நான் சொல்வது 150 யார்டு, அதுவும் மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும். பெரிய காலிபர்காரர்கள் சரிவாக நிற்கும் மானையும் சுடுவார்கள், உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பின்பக்கம் காட்டி நின்றால் விட்டுவிடுங்கள். சரி, சுட்டாயிற்று என்றால் மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். சின்னக் குண்டு வெளியேறிய ஓட்டை சிறிதாக இருக்கும், சில சமயம் வெளியேறவே செய்யாது, அதனால் ரத்தத் தடம் மெலிதாகத்தான் கிடைக்கும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். பச்சையாக, நாற்றத்தோடு ஏதாவது ஒட்டியிருந்தால் வயிறு, உடனே துரத்தினால் எழுந்து வெகுதூரம் போய்விடும். பல மணி நேரம் கழித்துப் போங்கள், உங்கள் ஊரில் அனுமதி உண்டென்றால் மோப்ப நாயோடு வருபவரையும் கூப்பிடுங்கள். அவருடைய எண்ணைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கி வைத்திருங்கள்.