சுங்கை சிப்புட்டில் வாங்கிய பழைய மைவி: மீட்டர் குறைக்கப்பட்டிருந்தால்

வியாபாரியிடம் வாங்கிய பழைய மைவி காரில், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் குறைக்கப்பட்டிருக்குமோ என்று சந்தேகப்படுகிறீர்கள். ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" (குறைகளோடு ஏற்கிறேன்) என்ற வரியின் கீழ் நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் உங்கள் உரிமை போய்விடவில்லை. விற்றவர் பழைய கார் வியாபாரி என்பதால் மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்று அது தரும் உத்தரவாதத்தை ஒப்பந்தத்தின் எந்த வரியும் நீக்க முடியாது.

விளம்பரத்தில் 62,000 கிலோமீட்டர். பானட்டின் அடியில் எண்ணெய் மாற்றிய பழைய ஸ்டிக்கரிலோ 98,000. மீட்டரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கவே வாய்ப்பு அதிகம். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காரில் அது சீக்கிரமே வழவழத்துவிடும்.

வாகன உரிமைச் சான்றிதழுடன், மைவியைத் தயாரிக்கும் பெரோடுவா நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்று, முந்தைய சர்வீஸ் பதிவுகளைத் தேதியுடன் கேளுங்கள். விளம்பரம் அழிக்கப்படும் முன், இன்றே, அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, பணத்தைத் திருப்பித் தருமாறு வியாபாரிக்கு எழுத்துமூலம் கெடு கொடுங்கள். மசியவில்லையென்றால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதியலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஒப்பந்தத்தில் விற்பவராக ஒரு தனிநபரின் பெயர் இருந்தால், இந்த வழி அடைபடலாம், அப்போது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். கோபத்தில் வங்கித் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.