பேட்டரியைச் சேர்த்து வைத்து லாரியை முந்தலாமா?

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"1.5 லிட்டர் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த) கிராண்ட் விட்டாரா கார் வாங்கியிருக்கிறேன். அப்பத்தாவை மாதாமாதம் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். திருமயம், புதுக்கோட்டை வழியில் லாரிகளை முந்த வேண்டியிருக்கிறது. என் மகன் ஃபார்முலா ஒன் விடாமல் பார்ப்பவன். 'ரேஸில் பேட்டரியைச் சேர்த்து வைத்து, முந்தும்போது பட்டனை அமுக்குவாங்க, நாமளும் அப்படிச் செய்யலாம் அப்பச்சி' என்கிறான். அதனால் திரையில் பேட்டரிக் கோடு ஏறும்வரை லாரிக்குப் பின்னாலேயே போகிறேன். சில நேரம் ஏசியைக்கூட அணைக்கிறேன். இது சரியா? ரேஸில் உண்மையில் எப்படிச் செய்கிறார்கள்?"

முதலில் உங்கள் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோடு ஏறுவதற்காகக் காத்திருக்க வேண்டாம். வயதானவரை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் ஏசியை அணைக்கவே வேண்டாம். ஒரு லாரியை முந்துவதற்கு உங்கள் கார் பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். அந்த அளவைக் காரின் கணினி வழக்கமாகக் கையிருப்பில் வைத்திருக்கும். உங்கள் மகன் சொல்வதும் பொய்யில்லை, ரேஸில் பேட்டரியைச் சேர்த்துத்தான் செலவழிக்கிறார்கள். அங்கே ஏன் அது அவசியம், இங்கே ஏன் இல்லை என்பது கணக்குப் போட்டால் புரியும்.

ஃபார்முலா ஒன்னில் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமிக்கும் கருவி 2009ல் வந்தது. 'கெர்ஸ்' என்று பெயர். 60 கிலோவாட் மோட்டார், ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல்தான் அனுமதி. முழுத் திறனில் அமுக்கினால் ஏழு வினாடிக்குள் தீர்ந்துவிடும். உங்கள் மகன் சொல்லும் 'பட்டன்' அந்தக் காலத்தில் இன்னும் நேரடியாக இருந்தது: ஸ்டியரிங்கில் ஒரு பட்டன், அமுக்கினால் ஏறத்தாழ 80 குதிரைத்திறன் கூடும். எல்லா அணியிடமும் அது இருக்கவில்லை. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011லும் 2012லும் ஓட்டிய ஹெச்ஆர்டி கார்களில் கெர்ஸே கிடையாது. முன்வரிசைக் கார்கள் மின்சாரத்தையும் சேர்த்துப் பாயும்போது அவர் இன்ஜினை மட்டும் நம்பி ஓட்டினார். அவர் எத்தனையாவதாக வந்தார் என்பதை மட்டும் வைத்து எடைபோடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2014லிருந்து 2025 வரை மோட்டார் 120 கிலோவாட், பேட்டரியிலிருந்து ஒரு சுற்றுக்கு 4 மெகாஜூல் (4,000 கிலோஜூல்). அதாவது சுற்றில் 33 வினாடி. 2026ல் மோட்டார் ஒரேயடியாக 350 கிலோவாட் ஆகிவிட்டது, ஏறத்தாழ 470 குதிரைத்திறன். ஆனால் ஒரு சுற்றில் திரும்பச் சேர்க்கக்கூடிய ஆற்றலுக்கு விதி எழுதும்போது வைத்த உச்ச எல்லை சுமார் 8.5 மெகாஜூல். சில மைதானங்களில் அதைவிடக் குறைவு. 8.5ஐ 350 கிலோவாட்டால் வகுத்தால் 24 வினாடிதான் வருகிறது. மோட்டார் மூன்று மடங்கு பெரிதாகி, அதை முழுதாக ஓட்டும் நேரம் குறைந்திருக்கிறது! ஒரே சமயத்தில் பேட்டரியில் வைத்துப் புழங்க அனுமதிக்கப்பட்டது 4 மெகாஜூல். நம் மின் கட்டணக் கணக்கில் ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேல். 350 கிலோவாட்டில் இழுத்தால் பதினொன்றரை வினாடியில் அது காலி. ரேஸ் ஓட்டுநர் பேட்டரியை எண்ணி எண்ணிச் செலவழிப்பது இதனால்தான்.

எங்கே செலவழிக்கிறார்? முந்தும் இடத்தில், நேர்கோட்டின் கடைசியில் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. காற்று எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கேற்ப ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்கு மேலும் நூறு கிலோவாட் கொடுத்தாலும் கொஞ்சம் வேகம்தான் கூடும். அதே மின்சாரத்தை மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது கொடுத்தால் வேகம் சட்டென்று ஏறும், ஏறிய வேகம் அந்த நேர்கோடு முழுவதும் கூடவே வரும். மிகச் சீக்கிரம் கொடுத்தாலும் பயனில்லை, பின் டயர் சுழன்று வழுக்கிவிடும். டயர் முழுத் திறனையும் தாங்கத் தொடங்குகிற அந்தக் கணம்தான் சரியான இடம். 2026 விதியும் இதே போக்கில்தான் இருக்கிறது: 290 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டாரின் திறன் படிப்படியாகக் குறைக்கப்படும். முன்னால் போகும் காருக்கு ஒரு வினாடிக்குள் நெருங்கியவருக்கு மட்டும் 'ஓவர்டேக்' முறை கிடைக்கும். அதில் 337 வரை திறன் குறையாது, அரை மெகாஜூல் கூடுதலாகவும் உண்டு.

வரவுப் பக்கம் இதைவிடச் சுவாரசியமானது. ஓட்டுநருடன் சேர்த்து 768 கிலோ என்பது காரின் குறைந்தபட்ச எடை. 300 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.7 மெகாஜூல். அதை 80க்குக் கொண்டுவர இரண்டு வினாடிக்குச் சற்று மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் 350 கிலோவாட் மோட்டார் எவ்வளவு முயன்றாலும் 0.8 மெகாஜூலுக்கு மேல் பிடிக்க முடியாது. மிச்சமெல்லாம் பிரேக் தட்டின் சூடாகவும் காற்றாகவும் போய்விடும். வேகமாகப் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சேமிப்பு குறையும் என்பதுதான் இதன் பொருள்.

அதனால் ரேஸ் ஓட்டுநர்கள் வேறு வழிகளில் சம்பாதிக்கிறார்கள். முதல் வழி, வளைவுக்கு முன் வழக்கமாகப் பிரேக் மிதிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து உருள விடுவது. எரிபொருளும் மிச்சம், மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சார்ஜும் ஏறும். இன்னொரு வழி பார்க்கிறவர்களைக் குழப்பும்: நேர்கோட்டின் கடைசியில் ஓட்டுநர் முழு ஆக்ஸிலரேட்டரில் இருப்பார், ஆனால் கார் வேகம் இழக்கும். இன்ஜின் தரும் திறனில் ஒரு பகுதியை மோட்டார் பிடுங்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த இடத்தில் இழக்கும் நேரம் கொஞ்சம்; அங்கே சேர்த்ததை அடுத்த வளைவின் வெளியேற்றத்தில் கொடுத்தால் கிடைக்கும் நேரம் அதிகம். அடுத்த முறை மகனோடு பார்க்கும்போது காரின் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். மழை இல்லாதபோதும் நேர்கோட்டில் அது மின்னினால் மின்சார உந்துதல் நின்றுவிட்டது அல்லது சார்ஜ் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இத்தனையையும் ஓட்டுநரே ஒவ்வொரு வளைவிலும் யோசித்துச் செய்வதில்லை. எந்த வளைவில் எவ்வளவு கொடுப்பது என்ற வரைபடத்தைப் பொறியாளர்கள் முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்த்து காரில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் தடத்தின் ஓரத்தில் அணியினர் இருக்கும் 'பிட்'டிலிருந்து காரின் அமைப்பை மாற்ற 2003லிருந்து தடை. அதனால் ரேடியோவில் சொல்லத்தான் முடியும், ஸ்டியரிங்கில் திருகை ஓட்டுநர்தான் திருப்ப வேண்டும். தகுதிச்சுற்றில் ஒரு சுற்று முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அடுத்த சுற்றில் மொத்தத்தையும் கொட்டித் தீர்ப்பார்கள். பந்தயத்தில் அது நடக்காது. நம் பக்கத்தில் எட்டு மைல் பெரிய மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். போகும்போதே மாட்டை விரட்டித் தீர்த்துவிட்ட சாரதி, எல்லையில் திரும்பி வரும்போது பின்னால் வந்த வண்டிக்கு வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். ஃபார்முலா ஒன்னிலும் ஒருவர் முழு பேட்டரியையும் செலவழித்து முந்துவார், அடுத்த நேர்கோட்டிலேயே முந்தப்பட்டவர் திரும்ப முந்திவிடுவார். நல்ல ஓட்டுநர் இரண்டு மூன்று சுற்று அமைதியாகப் பின்தொடர்ந்து சேர்த்துக்கொண்டு, எதிராளியின் பேட்டரி காய்ந்திருக்கும் சுற்றைத் தேர்ந்தெடுப்பார். எனக்கு இந்தப் பந்தயத்தில் மிகப் பிடித்த பகுதி அந்தக் காத்திருப்புதான்.

 

இப்போது உங்கள் காருக்கு வருவோம். இன்ஜின் 92 குதிரைத்திறன், மோட்டார் 80, ஆனால் இரண்டும் சேர்ந்து தருவது 116தான். ஆக, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது இன்ஜினுக்கு மேல் பேட்டரி தருவது ஏறத்தாழ 24 குதிரைத்திறன், 17 அல்லது 18 கிலோவாட். ஒரு லாரியை முந்தப் பத்து வினாடி என்று வையுங்கள். 180 கிலோஜூல் செலவு. உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 யூனிட், அதாவது 2,700 கிலோஜூலுக்கு மேல். ஒரு முறை முந்த அதில் ஏழு சதவீதம்கூடப் போகவில்லை. ரேஸ் கார் பதினொன்றரை வினாடியில் காலியாகிறது. உங்களுடையது பத்து வினாடியில் ஒரு சிட்டிகை இழக்கிறது. பேட்டரியை முழுதாகக் காலியாக விடாமல் கணினியே பார்த்துக்கொள்வதால், திரையில் இரண்டு கோடு இருந்தாலும் முந்தும் பலம் அநேகமாக அப்படியே கிடைக்கும். ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதையில் நெடுநேரம் முழு மிதியில் ஏறினால் மட்டும் பலம் குறைவதை உணர்வீர்கள். கோட்டையூரிலிருந்து திருச்சிக்கு அப்படி ஓர் ஏற்றம் கிடையாது.

இவி பட்டனை அமுக்கினால் பேட்டரி மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. அது இன்ஜினை நிறுத்திப் பேட்டரியைத்தான் செலவழிக்கும். பவர் மோடு மொத்தத் திறனைக் கூட்டாது, மிதிக்குக் கார் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும், அவ்வளவுதான். முந்துவதற்கு அது உதவும், தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரேஸ் ஓட்டுநரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் சம்பாதிக்கும் முறையை. ஆளும் சாமானும் சேர்த்து 1,500 கிலோ என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் காரிடம் இருப்பது 370 கிலோஜூல். அதில் பாதியைத் திரும்பப் பிடித்தாலே ஒரு லாரியை முந்திய செலவு வந்துவிட்டது. கானாடுகாத்தான் விலக்கில் பஸ் நிற்பதோ, ஊருக்குள் வேகத்தடை வருவதோ தூரத்திலேயே தெரிந்தால் அப்போதே காலை எடுங்கள், பிறகு மெல்ல, நீளமாகப் பிரேக் பிடியுங்கள். அருகில் போய் அழுத்திப் பிடித்தால் ஆற்றல் தட்டில் சூடாகப் போய்விடும். நம் பக்கம் ஓட்டுநர்களிடம் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஹைப்ரிட்டில் அதைச் செய்யவே கூடாது. நியூட்ரலில் இந்த வகைக் கார்களில் பேட்டரி சார்ஜ் ஏறாது. ரயில்வே கேட்டில் நிற்கும்போதும் பார்க்கிங்கில் போடுங்கள். கியரில் இருக்கும் 'B' நிலை (பார்க்கிங்கின் 'P' அல்ல) நீண்ட இறக்கங்களுக்கானது, சமவெளியில் தேவைப்படாது.

முந்துவதில் உண்மையான எல்லை சாலைதான். நீங்கள் 80, லாரி 60 என்றால் வித்தியாசம் வினாடிக்கு ஐந்தரை மீட்டர். லாரியின் நீளம், முன்னும் பின்னும் இருபது இருபது மீட்டர் இடைவெளி எல்லாம் சேர்ந்தால் பத்து வினாடி பிடிக்கும். அதற்குள் நீங்கள் 220 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 80ல் வரும் வண்டியும் அதே தூரம் நெருங்கியிருக்கும். 450 மீட்டருக்கு மேல் சாலை தெளிவாகத் தெரியாத இடத்தில் லாரியின் பின்னாலேயே இருங்கள், பேட்டரி நிறைந்திருந்தாலும்.

கடைசியாக வெயில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சூடேறினால் கொடுப்பதையும் வாங்குவதையும் கணினி குறைத்துவிடும். ரேஸிலும் அதே கதைதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட நம் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) லித்தியம் பேட்டரி ஆய்வு நடக்கிறது என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்; ஆர்வமுள்ள பையனாகத் தெரிகிறான். பல ஹைப்ரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பயணிகள் பகுதியிலிருந்து, பின் சீட் அருகில் உள்ள துளை வழியாகப் போகிறது. உங்கள் காரில் அது எங்கே என்று கையேட்டில் பார்த்து, அப்பத்தாவின் பையோ போர்வையோ அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்தால் அந்தக் காற்றும் சூடாகத்தான் போகும். சர்வீஸுக்கு விடும்போது அந்தத் துளையில் வடிகட்டி இருந்தால் செம்மண் தூசியைத் தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.