மாரிக்கென்று வைத்திருந்த மூங்கில் விதை ஏன் முளைக்கவில்லை?

கோடையில் பொறுக்கிய முள் மூங்கில் விதையை உரப்பையில் கட்டி வைத்து, ஐப்பசி மழையோடு விதைத்ததாகவும், ஒன்றும் முளைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் நெல் விதைத்துப் பழகிய எவரும் செய்யக்கூடிய பிழைதான் இது, நானும் செய்திருக்கிறேன். நெல்லை மாரிவரை வைத்திருக்கலாம். பார்வைக்கு நெல்லைப் போலவே இருக்கும் மூங்கில் விதையோ, நமது வெக்கையில் சாதாரணமாக வைத்தால் சில மாதங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும்.

எங்கள் காணிக்கு அப்பால் ஆற்றங்கரையில் நின்ற முள் மூங்கில் பத்தை ஒன்று பூத்தபோது, அதன் அடியைக் கூட்டித் துப்புரவாக்கித் தறப்பாள் விரித்து விதை சேர்த்தேன். பாதியை அந்தக் கிழமையே கிணற்றடியில் மேடை போட்டு விதைத்தேன். மீதியைத் தகரப் பேணியில் அடைத்து மாரிக்கென வைத்தேன். முதற்பாதி பத்து நாட்களுக்குள் பச்சை ஊசிகளாக எழுந்து நின்றது. பேணியில் இருந்ததில் ஒரு கைப்பிடிக் கன்றுகூடத் தேறவில்லை. உடனே விதைக்க வழியில்லாதவர்கள் விதையை நிழலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் ஆயுள் கணிசமாக நீளும்.

விதைக்கும் முறை கடினமானதன்று. சுளகில் புடைத்துச் சப்பியை நீக்கி, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, மிதப்பவற்றை வழித்து எறிந்துவிடுங்கள். நமது செம்மண் காய்ந்தால் இறுகிவிடுவதால் மேடைக்கு அதை மட்டும் நம்பாமல், ஆற்றுமணலும் நன்கு மக்கிய மாட்டெருவும் சம பங்காகக் கலக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் வேண்டாம். கிடுகுப் பந்தல் போட்டு, காலையும் மாலையும் பூவாளியால் ஈரம் காட்டினால் போதும். நீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிக் கன்றுகள் கூட்டமாகச் சாய்ந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தவை எலியும் மயிலும்தான். மேடைக்கு வலை போடாத முதல் இரவிலேயே ஒரு மூலையை எலிகள் காலி செய்துவிட்டன. மூங்கிலரிசி மனிதருக்கே உணவாகும்போது எலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சில கன்றுகள் முற்றிலும் வெள்ளையாக முளைக்கும். பச்சையம் இல்லாத அவை விதையில் உள்ள உணவு தீர்ந்ததும் இறந்துவிடும் என்பதால் உரம் தேடி அலைய வேண்டாம். மற்றவற்றை மூன்று நான்கு இலை விட்டதும் வேர் அறாமல் எடுத்துப் பொலித்தீன் பைகளுக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டு அந்த மாரியிலேயே நான் நிலத்தில் வைத்த சிறு கன்றுகள் அடுத்த கோடையைத் தாங்கவில்லை. பையிலேயே வளர்ந்து, அடுத்த மாரியில் கிழங்கோடு நட்டவையே நின்றன.

வீடுகளில் வளர்க்கும் மஞ்சள் மூங்கிலில் விதையை எதிர்பார்க்க வேண்டாம். அது பூப்பதே அரிது, தண்டுத் துண்டால்தான் பெருக்குகிறார்கள். முள் மூங்கிலையும் துண்டு வைத்து வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, விதை தந்தபின் பட்டுப்போகும் இனம். தாய்ப்பத்தையிலிருந்து வெட்டி நட்ட துண்டும் பெரும்பாலும் தாயோடு சேர்ந்தே பூத்து இறக்கும். விதைக் கன்றுக்கோ முழு ஆயுளும் மிச்சம் இருக்கிறது என்பதால்தான் இத்தனை பாடு.

உங்களிடம் மிஞ்சிய விதையில் நூறை எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி மூன்று கிழமை பாருங்கள். ஐந்துகூட முளைக்காவிட்டால் மேடை போடும் கூலியை மிச்சம் பிடித்து, விதை பொறுக்கிய அதே இடத்துக்குப் போங்கள். பட்டுப்போன பத்தையின் அடியில், இந்த மழைக்கு நாற்றுமேடை போலக் கன்றுகள் தாமாகவே எழுந்திருக்கக்கூடும். அவற்றை மண்ணோடு தோண்டிப் பையில் வைக்கலாம். அது வனப் பகுதியாக இருந்தால் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.