வளாகத்தில் மறுசுழற்சித் தொட்டிகள் வைத்தும் குப்பை குறையவில்லையே, மாணவர்கள் என்ன செய்யலாம்?

இன்னும் தொட்டி வாங்குவதற்கு முன்னால், இருக்கிற பைகளைப் பிரித்துப் பாருங்கள். நான் படித்தபோது எங்கள் மாணவர் குழு இதைத்தான் செய்யத் தவறியது. நீலத் தொட்டிகளை வாங்கி, படம் ஒட்டி, வளாகம் முழுக்க வைத்துவிட்டோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், நீலத் தொட்டிக் குப்பையும் மற்ற குப்பையும் ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்தன. கோபத்தோடு எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பையின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்.

உள்ளே நல்ல வெள்ளைத் தாள்கள். அவற்றின் மேல் பாதி குடித்த நாலைந்து காபிக் கோப்பைகள் கவிழ்ந்து, தாளெல்லாம் பழுப்பாக ஊறி ஒட்டிக் கிடந்தன. "இதை யாரு வாங்குவாங்க தம்பி?" என்றார்.

காகிதக் கோப்பையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். சாதாரணக் காகித ஆலையில் அதைப் பிரிக்க முடியாது. நாங்களோ தொட்டியில் 'காகிதம்' என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தோம். அதை நம்பித்தான் எல்லோரும் கோப்பையைப் போட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

அப்புறம் மூன்று விஷயங்களை மாற்றினோம். மிச்சப் பானத்தை ஊற்ற ஒரு வாளி வைத்தோம். காகிதத் தொட்டியின் மூடியில் தாள் நுழையும் அளவுக்கு மட்டும் நீளமான பிளவு விட்டோம். எந்தத் தொட்டியையும் தனியாக வைப்பதில்லை என்று முடிவு செய்தோம், ஏனென்றால் பக்கத்தில் சாதாரணக் குப்பைத் தொட்டி இல்லாவிட்டால் கையில் இருப்பதெல்லாம் நீலத் தொட்டிக்குள்தான் போகும். அந்த வாளிதான் பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது. அடுத்த மாதமே தாள் காய்ந்த நிலையில் வந்தது.

குப்பைக் கணக்கெடுப்பு கட்டாயம் செய்யுங்கள். ஒரு கட்டடத்தின் ஒரு நாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டு வகை பிரித்து எடை போட வேண்டும். ஆய்வகக் குப்பையை மட்டும் தொடாதீர்கள், அதற்குத் தனி விதிகள் உண்டு. நாங்கள் செய்தபோது இடத்தை அடைத்தவை கோப்பைகள், எடையில் முதலிடம் மிச்சச் சாப்பாடு. அதுவரை நாங்கள் சாப்பாட்டைப் பற்றி யோசித்ததே இல்லை. குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகும் உணவு மீத்தேனாக மாறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட அது சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உணவுக்கூடத்தில் பெரிய தட்டேந்திகளை (ட்ரே) எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு கையில் கொள்கிற அளவுதான் எடுப்பார்கள், வேண்டுமானால் மறுபடி போய் வாங்கிக்கொள்ளலாம். மிஞ்சுவதை வளாகத்துச் சருகோடு கலந்தால் உரமாகிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சருகு சேருங்கள்.

அச்சுப்பொறிகளைத் தானாகவே இரு பக்கமும் அச்சடிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அலுமினியக் கேன் ஒன்றைக்கூடக் குப்பைக்கு விடாதீர்கள்: தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட, உருக்கி மறுபடி செய்ய சுமார் 95 சதவீதம் குறைந்த ஆற்றல் போதும்.

பிளாஸ்டிக்கில் ஒரு குழப்பம் உண்டு. மூன்று அம்புகள் சுற்றும் மறுசுழற்சிச் சின்னத்தை 1970-ல் ஒரு போட்டிக்காக வரைந்தவர் கேரி ஆண்டர்சன். அப்போது அவர் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர். மாணவர்களால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் நினைவுதான் வரும். ஆனால் பாட்டிலின் அடியில் அந்த அம்புகளுக்குள் இருக்கும் எண், பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. 1, 2 எண் உள்ளவற்றைப் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். 6, அதாவது பாலிஸ்டைரீன், பெரும்பாலும் தேறாது. அதனால் படம் ஒட்டுவதற்கு முன் உங்கள் வளாகக் குப்பையை எடுப்பவரிடமே எது எது வேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் எழுதுங்கள்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தால், நூலகத்தைச் சொல்வேன். அங்கே தாள் அதிகம், பானம் குறைவு. முதல் வாரத்திலேயே சுத்தமான ஒரு பை கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய் நிர்வாகத்திடம் காட்டலாம்.