பஜனைக்கு வாசிக்கும் கித்தாருக்கு 10-ஆ, 11-ஆ, 12-ஆ?

சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக் கோயில் பஜனைக்கு வாசிக்கிறீர்கள், 12 செட் (மிக மெல்லிய தந்தியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) போட்டதில் விரல் வலிக்கிறது, 10-க்கு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அளவுகோல் எடுங்கள். 12-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) தடித்த ஆறாம் தந்தி 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றால் குற்றம் தந்தியில் இல்லை, உயரத்தில். உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடலின் அடிப்பக்கத்தைத் தேய்த்து இறக்கவேண்டும். எத்தனை செட் மாற்றினாலும் அந்த வலி போகாது.

உயரம் சரியென்றால் 11–52 (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன்) வாங்குங்கள். 12–53 செட் நெக்கை (கித்தாரின் கழுத்தை) சுமார் 73 கிலோ விசையில் இழுக்கும், 10–47 சுமார் 59 கிலோதான். 10 செட் விரலுக்குச் சுகம். ஆனால் மிருதங்கம், ஹார்மோனியத்துக்கு நடுவே சத்தம் எடுபடாது, ஓங்கி அடித்தால் ஃபிரெட்டில் மோதி இரையும்.

இழுப்பு குறைந்ததும் நெக் பின்னால் சாயும். முதல் சில ஃபிரெட்டுகளில் இரைச்சல் வந்தால் நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, மறுநாள் பாருங்கள். பழைய கித்தாரில் 13 செட் வேண்டாம், உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயரலாம். நைலான் தந்திக் கித்தாரென்றால் இரும்புத் தந்தியே கூடாது.

நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூச்சுப் போட்ட தந்தி விலை கூடினாலும் துருவைத் தாங்கும்.