ரத்தத்தில் 6.2 என்று வந்தால் மாடு சினையா?

கேள்வி: ஐயா, இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பின மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டு, 22-ம் நாள் தனியார் லேப்பில் ரத்தம் பார்த்தேன். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் 6.2 நானோகிராம், சினைதான் என்றார்கள். 48-ம் நாள் 4.1 ஆகிவிட்டது. மெடிக்கலில் வாங்கிய சிறுநீர் அட்டையிலும் ஒரே கோடு. ஹார்மோன் மாசத்துக்கு எவ்வளவு ஏறணும்? ஏற்றுவதற்கு ஊசி போடலாமா? – விவசாயி, அணைக்கட்டு

பதில்: அட்டையைக் குப்பையில் போடுங்கள். பெண்களுக்குக் கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி.யைத்தான் அது தேடும். பசுவுக்கு அந்த ஹார்மோனே கிடையாது. நிறைசினை மாட்டுக்கும் ஒரே கோடுதான் வரும்.

புரோஜெஸ்டிரோன் மாதாமாதம் ஏறுவதில்லை. பருவத்தன்று 1 நானோகிராமுக்குக் கீழே இருக்கும். சினைப்பையில் இந்த ஹார்மோனைச் சுரக்கும் மஞ்சள் கட்டி உருவாகி, 10-ம் நாளுக்குள் அளவு மேலே போய்விடும். சினை பிடிக்காவிட்டால் 17-ம் நாளை ஒட்டிக் கர்ப்பப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து கட்டியைக் கரைக்கும். 21-ம் நாள் மாடு பருவத்துக்கு வந்து கத்தும். பிடித்திருந்தால் கரு அதைத் தடுத்துவிடும். அளவு அப்படியே மேலே நிற்கும். கன்று போடுவதற்கு ஓரிரு நாள் முன்புதான் சரேலென்று விழும். ஈஸ்ட்ரோஜன் கடைசி மாதத்தில் ஏறுவதால்தான் அறை (பிறப்புறுப்பு) வீங்குகிறது, வால் பக்கத்துத் தசைநார் தளர்கிறது. ஆக, இந்த எண்ணை வைத்து எத்தனை மாதச் சினை என்று சொல்லவே முடியாது.

4.1-க்குப் பயப்பட வேண்டாம். எடுத்த ரத்தத்தை உடனே பிரிக்காமல் வைத்தால், பசுவின் சிவப்பணுக்களே புரோஜெஸ்டிரோனைச் சிதைத்துவிடும். வேலூர் வெயிலில் பைக் பெட்டியில் இரண்டு மணி நேரம் போன குழாய் குறைவாகத்தான் காட்டும். ஐஸில் வைத்துக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

அதே சமயம் 6.2-ஐ நம்பி சினை என்றும் இருந்துவிடாதீர்கள். 22-ம் நாள் 1-க்குக் கீழே இருந்தால் சினை இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. மேலே இருந்தால் சினையாக இருக்கலாம், அவ்வளவுதான். பருவம் தப்பிச் சினை ஊசி போட்டிருந்தாலும், கர்ப்பப்பையில் சீழ் இருந்தாலும் இதே எண் வரும். கரு பிறகு இறந்துபோவதும் உண்டு.

ஹார்மோன் எவ்வளவு என்பதை விடுங்கள். 60-ம் நாள் கையை விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தீர்களா? கால்நடை மருந்தகத்தில் டாக்டர் ஆசனவாய் வழியாகக் கர்ப்பப்பைக் கொம்பைத் தொட்டுச் சொல்வதை எந்த லேப் சீட்டும் ஈடுகட்டாது. ஸ்கேன் வசதி இருந்தால் 30-ம் நாளே தெரிந்துவிடும்.

அதுவரை ஒரு ஊசியும் வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். 'பருவத்துக்கு வர ஊசி' என்று போடுவது பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின். முதல் ஐந்து மாதச் சினையில் போட்டால் மஞ்சள் கட்டி கரையும், மாடு கன்றை வீசிவிடும். கடைசி மூன்று மாதத்தில் காய்ச்சல், வீக்கம் என்று போடும் டெக்ஸாமெத்தசோன் இன்னொன்று. பிரசவத்தைத் தொடங்கி வைப்பதே கன்றின் உடலில் சுரக்கும் கார்டிசால்தான். அதே வேலையை இந்த மருந்து செய்வதால் குறைமாதக் கன்று விழும், நஞ்சுக்கொடி தங்கும். சினை தேதி கேட்காமல் சிரிஞ்சை எடுப்பவரை, யாராக இருந்தாலும், தொழுவத்தில் விடாதீர்கள். பொய்கை சந்தையில் 'ஏழு மாசம்' என்று தரகர் தள்ளிவிடும் மாட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். வாங்கிய வாரமே கை வைத்துப் பார்த்துவிட வேண்டும். சினை மாடுகளில் சில இடையில் பருவம் காட்டும். அதை நம்பி மறுபடி சினை ஊசி போட்டால் கர்ப்பப்பை வாயை அடைத்திருக்கும் சளி உடைந்து கரு கலையக்கூடும்.

ஹார்மோனை ஏற்ற ஊசி தேவையில்லை. சினை ஊசி போட்ட தேதியைத் தொழுவச் சுவரில் எழுதுங்கள். அதிலிருந்து சுமார் 280 நாளில் கன்று போடும். தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். 60-ம் நாள் காலி என்று தெரிந்தால், காலையில் கத்தினால் மாலையிலும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுங்கள்.