பலூனில் பறக்கும் சூரியத் தொலைநோக்கிக்குக் கேமரா செய்வது எப்படி? கேள்வி பதில்

கே: செயற்கைக்கோள் இருக்கும்போது பலூன் எதற்கு?

ப: செலவு குறைவு, கருவியும் திரும்பக் கைக்கு வரும். ஒரு மீட்டர் ஆடி கொண்ட சன்ரைஸ் என்ற பலூன் தொலைநோக்கி 2009, 2013, 2024 என மூன்று தடவை வெற்றிகரமாகப் பறந்தது. 37 கி.மீ. உயரத்தில் காற்றில் 99 சதவீதத்துக்கு மேல் கீழே தங்கிவிடும். தரைக்கே வராத 214 நானோமீட்டர் புற ஊதா ஒளியையும் படம்பிடிக்கலாம். ஸ்வீடனின் கிருனாவிலிருந்து கோடையில் ஏற்றினால் சூரியன் மறைவதும் இல்லை.

கே: சார், பிக்சல் அளவை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? மெகாபிக்சல் கூடக்கூட நல்லதுதானே?

ப: இல்லை. ஒரு மீட்டர் ஆடி, 525 நானோமீட்டர் ஒளியில் 0.13 ஆர்க் செகண்டுக்குக் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) கீழே பிரித்துக் காட்டாது. சூரியனில் அது ஏறக்குறைய 95 கி.மீ. அதற்குள் இரண்டு பிக்சலுக்குச் சற்றே மேல் விழுந்தால் போதும். அதைவிடப் பொடியாக்கினால் ஒளிதான் பங்கு பிரியும்.

காந்தப்புலம் அளப்பவருக்கு அந்த ஒளி உயிர்நாடி. காந்தப்புலம் தன் தடயத்தை ஒளியின் முனைவாக்கத்தில், அதாவது ஒளி அலை அதிரும் திசையில், விடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு முனைவாக்கத்தைப் பிடிக்க, ஒளி பட்டு உண்டாகும் எலக்ட்ரான் பிக்சலுக்குப் பத்து லட்சம் சேர வேண்டும். ஒரே எக்ஸ்போஷரில் பிக்சல் நிரம்பி வழிந்துவிடும், எனவே பல படங்களைக் கூட்டுகிறோம். அதற்குள் சூரியப் பரப்பு சும்மா இருக்காது. வினாடிக்குச் சில கி.மீ. நகரும் பொருளை அரை நிமிடத்துக்கு மேல் கூட்டினால் குழம்பிவிடும்.

கே: தொங்கும் கூண்டு ஆடுமே?

ப: ஆடும். கூண்டின் மோட்டார்கள் தோராயமாகக் குறிவைக்கும். மிச்சத்தைச் சிறிய சாய்வாடி ஒன்று திருத்தும். பின்தொடர நட்சத்திரம் கிடையாது, சூரியக் குறுமணிகளின் (பரப்பில் கொதித்தெழும் வாயுத் திட்டுகள்) படத்தையே முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

கே: மேலே கடுங்குளிர், சூடு ஒரு பிரச்சினையா?

ப: பெரும் தலைவலியே அதுதான். ஆடியில் விழுவது ஏறத்தாழ ஒரு கிலோவாட். முதல் குவியத்தில் துளையிட்ட ஆடி வைத்து, நூற்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறோம். கேமரா சூட்டுக்கு ஃபேன் வைத்துப் பயனில்லை, சுழற்றப் போதிய காற்று கிடையாது. உலோகப் பட்டையால் ரேடியேட்டருக்குக் கடத்த வேண்டும். இன்னொரு கண்ணி: அந்த அரைகுறை அழுத்தத்தில் உயர் மின்னழுத்தம் சுலபமாகப் பொறி பறக்கவிடும். சில ஒளி வடிகட்டிகளுக்கோ கிலோவோல்ட் தேவை. ஆகவே காற்றடைத்த பெட்டி.

கே: படங்கள் உடனே தரைக்கு வருமா?

ப: மாதிரிக்குச் சில. மீதி எல்லாம் டிஸ்கில். ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்கும் காற்றடைத்த பெட்டி வேண்டும், காற்று இல்லாமல் தகட்டைப் படிக்கும் அதன் ஹெட் மிதக்காது.